அலமாரிக்குள் இருநூறு வருஷம்

எழுந்ததும் ஃப்ரிட்ஜை நிறுத்துவேன். பிறகு மின்விசிறி. சமையலறைக் குழாய் சொட்டும், அதை இன்னொரு முறை இறுக்குவேன். அலமாரியிலிருந்து அன்றைய சட்டையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவேன். வீடு அடங்கும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை அப்படியே இருப்பேன். பிறகு எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிட்டு, குளித்து, கீழே இறங்கிக் கடையைத் திறப்பேன். இப்போது இதற்கெல்லாம் அவசியமில்லை. கை செய்கிறது, நான் விட்டுவிடுகிறேன்.

அவசியம் இருந்தது என் மனைவிக்கு. கைபேசியில் கேட்கிற தொடர்கதைகளுக்கு அவள் குரல் கொடுத்தாள். கதை வேறொருவருடையது, வாசிப்பது இவள். தெரு விழிப்பதற்கு முன் படுக்கையறை அலமாரிக்குள் புகுந்து, என் சட்டைகளுக்கும் தன் துணிகளுக்கும் நடுவே மைக்கை வைத்து, கதவைச் சாத்திக்கொள்வாள். துணி எதிரொலியைத் தின்றுவிடும். ஃப்ரிட்ஜின் முனகலை மட்டும் அதற்குத் தின்னத் தெரியாது. அதனால் நான் அதை நிறுத்த வேண்டும். வாசித்து முடித்ததும் கதவைக் காலால் தள்ளி, "கண்ணாடி! ஃப்ரிட்ஜைப் போடு!" என்று கத்துவாள். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அதனால் கண்ணாடி. கல்யாணத்துக்கு முன்பு வைத்த பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் அதற்கு உயர்வு எதுவும் கிடைக்கவில்லை.

அவள் கடைசியாக வாசித்த தொடரில் ஒரு பெண் அலுவலக லிஃப்டில் ஏறி, கட்டடத்தில் இல்லாத ஒரு மாடியில் இறங்குகிறாள். கதவு திறந்தால் இருநூறு வருஷத்துக்கு முன்பு அதே இடத்தில் இருந்த மாளிகை. அங்கே ஒரு பிரபு. நீண்ட அங்கி, கைத்தடி, குதிரை வண்டி. அவளை 'அம்மணி' என்கிறான். அவள் எழுந்தால் எழுகிறான், உட்கார்ந்த பிறகே உட்காருகிறான். அவள் போகிறாள், வருகிறாள், மறுபடி போகிறாள். கடைசியில் அந்த லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டப்போகிறார்கள். இனி ஒரே ஒரு பயணம்தான் மிச்சம். அங்கேயே இருந்துவிடுவாளா, திரும்பி வருவாளா? அந்தக் கேள்வியோடு கடைசிக்கு முந்தைய அத்தியாயம் முடிகிறது. என் மனைவி அதோடு நின்றாள். மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. காலையில் பதிவை முடித்துவிட்டுப் போனவள் பேருந்து நிறுத்தத்தில் விழுந்தாள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லாரும் கேட்டார்கள். "சட்டையை எடுத்துட்டியா? கதவைச் சாத்தப்போறேன்" என்றாள். அதைத்தான் சொன்னேன். கேட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. எனக்குப் புரியாதது வேறொன்று. அன்று கடைக்குச் சரக்கு வந்துவிட்டதால் அவள் வாசித்து முடிப்பதற்குள் நான் இறங்கிவிட்டேன். ஃப்ரிட்ஜைப் போடவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. யார் போட்டது? மாமியாரைக் கேட்டேன். "இப்போ கேக்குற கேள்வியா மாப்பிள்ளை இது?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மச்சானைக் கேட்டேன். அவன் என்னைப் படுக்கச் சொன்னான். எனக்கு அழுகை வரவில்லை. இந்தக் கேள்விதான் செருப்புக்குள் புகுந்த கல்லைப்போல் கூடவே நடந்தது.

ஒரு நாள் ஒரு தையல்கார அம்மா கடைக்கு வந்தார். கண் சோதிக்கிற சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகினேன்.

"எது தெளிவா இருக்கு? இதுவா... இதுவா?"

"முன்னாடி போட்டது. இரு இரு, இதுதான். ஊசியில நூல் கோக்கத்தான் தம்பி எனக்குக் கண்ணு. மத்ததுக்குக் காது போதும். தைக்கும்போது கதை கேப்பேன். இப்போ அதுலயும் மண்ணைப் போட்டுட்டாளுங்க. லிஃப்டுல போற பொண்ணை நட்டாத்துல விட்டுட்டு ஆளையே காணோம்."

நான் வில்லையைத் துடைத்தேன்.

"அவ அந்தப் பிரபுகிட்டயே போய்டணும். நான் எழுந்தா எங்க வீட்டுக்காரர் எழுவாரா? நான் விழுந்தாகூட எழ மாட்டாரு." சிரித்துவிட்டு, "வாசிக்கிற பொண்ணுக்குத் தொண்டை கட்டிக்கிச்சோ என்னவோ," என்றார்.

"இருக்கும்" என்றேன். "இதுவா... இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்பா."

இரண்டும் ஒன்று என்று வருபவர்கள் சொல்லும்போது கண்ணாடிக் கடைக்காரர்கள் நாங்கள் நிறுத்திக்கொள்வோம். அதற்கு மேல் கண்ணுக்குத் தேவையில்லை.

அன்றிலிருந்து, வில்லைகளைத் தேய்க்கும்போது தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து கேட்டேன். அவள் இருந்தவரை நான் கேட்டதில்லை. சாப்பிடும்போது முழுக்கதையையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிடுவாள், பிறகு கேட்க என்ன இருக்கிறது? கேட்டபோது துக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிரபுமேல் பொறாமையும் வரவில்லை. அவள் என்ன முடிவு எடுப்பாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் மட்டும் இருந்தது. அந்த 'அவள்' கதையில் வருபவளா, வாசிப்பவளா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தத் தொடரை எழுதுகிற அம்மா போனில் கூப்பிட்டார். இருக்கிற பதிவுகளைக் கொண்டு இயந்திரத்தில் என் மனைவியின் குரலைச் செய்திருக்கிறார்களாம். கடைசி அத்தியாயத்தை அதே குரலில் முடிக்க நான் சம்மதிக்க வேண்டும். "வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க தம்பி. பிடிக்கலைன்னா அழிச்சுடறேன், சத்தியமா."

போனேன். ஜன்னலில்லாத அறை. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. கழுத்தில் ஹெட்ஃபோனோடு ஒலிப்பதிவாளர் ஒருவர். எழுத்தாளர் அம்மா ஒல்லியாக இருந்தார். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்வதில் கவனமாக இருந்தார்.

"ரெண்டு முடிவு எழுதியிருக்கேன். ஒண்ணுல இருந்துடறா. இன்னொண்ணுல திரும்பி வர்றா. உங்க வீட்டம்மா என்கிட்ட போட்ட சண்டை தெரியுமா? திரும்பி வந்தே ஆகணும்னு."

"ஏன்?"

"'எழுந்து நிக்கிறான், சரி. ஒரு நாளாவது தின்ன தட்டைக் கழுவியிருக்கானா?'ன்னு கேட்டா. காதல்ல தட்டு எங்கம்மா வந்துதுன்னேன். 'கல்யாணம் ஆன மறுநாளே வந்துடும், பார்த்துக்கோங்க'ன்னா."

சிரிப்புபோல் ஒன்று தொண்டை வரை வந்தது. எங்கள் வீட்டில் தட்டு நான்தான் கழுவுவேன். அதுவும் அவள் கத்திய பிறகு.

ஒலிப்பதிவாளர் முதல் முடிவைப் போட்டார். அவள் குரல்தான். 'ழ'வில் லேசாக அழுந்தி நகர்கிற நாக்கு வரைக்கும் அவளேதான். பிறகு இரண்டாவது. இரண்டிலும் ஓர் இடத்தில் லிஃப்டின் கதவு மூடத் தொடங்கும்போது அந்தப் பெண் பிரபுவை உரக்கக் கூப்பிட வேண்டும். அங்கே மட்டும் குரல் பெரிதானது, கூப்பிடவில்லை. ரகசியம் பேசுகிறவளின் ஒலியைத் திருகி ஏற்றியதுபோல் இருந்தது.

"தெரியுதுல்ல சார்?" என்றார் ஒலிப்பதிவாளர். "மேடம் கதையில கத்தினதே கிடையாது. எல்லாம் மெதுவா, காதுகிட்ட பேசற மாதிரி. மிஷின் கேட்டதைத்தானே பேசும்? வீட்டுல எப்பவாவது கத்துவாங்களா? அந்த மாதிரி ஏதாவது பதிவு இருந்தா கொடுங்க."

"கத்துவா. ஃப்ரிட்ஜுக்கு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அட! கண்ணாடின்னா நீங்கதானா? நான் இத்தனை நாள் ஃப்ரிட்ஜுல ஏதோ கண்ணாடித் தட்டுன்னு நெனச்சுட்டேன் சார். ஒவ்வொரு பதிவு கடைசியிலயும் வரும். வெட்டிடுவேன். ஆனா முழுப் பதிவையும் வெச்சிருக்கேன், எதையும் அழிக்கலை."

"கடைசி நாள் பதிவும் இருக்கா?"

அவர் எழுத்தாளர் அம்மாவைப் பார்த்தார். "இருக்கு. அத்தியாயம் முடியற வரைக்கும்தான் கேட்டேன். அப்புறம் சேதி வந்துடுச்சு. அதுக்கு மேல நான் போகலை."

"வேணாம்னா வேணாம் தம்பி," என்றார் அம்மா. "கதை எங்கயும் ஓடிடாது."

கதை ஓடாது. அந்தப் பெண் லிஃப்ட் வாசலிலேயே நிற்பாள், தையல்கார அம்மா மிஷினை மிதித்துக்கொண்டே காத்திருப்பார். சம்மதம் கொடுத்தால், வீட்டுக்குள் என்னை மட்டும் நாற்காலியிலிருந்து எழுப்பிய கூப்பாடு ஊர்க் காதிலெல்லாம் விழும், யாரோ ஒரு பிரபு அதற்குத் திரும்பிப் பார்ப்பான். இதுவா, இதுவா? இரண்டும் ஒன்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"முதல்ல கேட்டுக்கறேன்," என்றேன்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். அத்தியாயத்தின் கடைசி வரிகள். 'தாங்கள் போய்விட்டால் இந்த விளக்கை யார் அணைப்பது, அம்மணி?' என்று பிரபு கேட்டான். அந்தப் பெண் லிஃப்ட் பொத்தானில் விரலை வைத்தாள். பிறகு ஒன்றுமில்லை. அவள் மூச்சு. துணிகள் உரசுகிற சத்தம். அலமாரிக் கதவு சுவரில் மோதியது.

"கண்ணாடி! ஃப்ரிட்ஜைப் போடு!"

திரையில் ஒலியின் அளவைக் காட்டுகிற கோடு சிவப்பைத் தொட்டுவிட்டு இறங்கியது. ஒலிப்பதிவாளர் என் தோளைத் தட்டி, உதட்டசைவில் புரிகிற மாதிரி கேட்டார். "இதுதான் சார். இது போதும். எடுத்துக்கவா?"

கையை உயர்த்தி இருக்கச் சொன்னேன். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை அணைக்க மறந்திருக்கிறாள். வெறுங்காலின் சத்தம் கூடத்துக்குப் போனது. ஆடுகிற ஹேங்கர் ஒன்று கம்பியில் கீச்சிட்டு நின்றது. "கண்ணாடி?" என்றாள், தூரத்திலிருந்து. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை. நான் அப்போது கீழே ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்திருப்பேன். அந்தச் சத்தம்கூட ஜன்னல் வழியாகச் சன்னமாகக் கேட்டது. அவளும் அதைக் கேட்டிருக்க வேண்டும். கால்கள் சமையலறைப் பக்கம் திரும்பின. சுவிட்ச் தட்டப்பட்டு, ஃப்ரிட்ஜ் முனகத் தொடங்குவதற்கு முன்னால், கதைக்கும் இல்லாமல், கூப்பிடவும் இல்லாமல், யாரும் கேட்காத ஒரு குரலில் சொன்னாள்:

"சரி போ, நானே போட்டுக்கறேன்."