படியடியில் ஒரு விசில்

பகலெல்லாம் மருந்துக்கடையில் கால் கடுக்க நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கொஞ்சம் கொஞ்சமாக அவள் எழுதிய நாவல் அது. சின்ன வயதில் எதிர்வீட்டில் இருந்த தோழி வாலுவைப் பற்றியது. ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாத பிள்ளைக்குத் தெருவே வைத்த பெயர். சண்டை ஊருக்குள் வந்த வருஷம், தண்ணீர் பிடிக்க நின்ற வரிசையில் குண்டு விழுந்து வாலு போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு இவள் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

பதிப்பகத்துக்காரர் கெட்டவர் இல்லை. படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்தான். ஆனாலும், "கதையைக் கோத்துப் பிடிக்க ஒண்ணு வேணும்மா. ஒரு சத்தமோ சாமானோ, திரும்பத் திரும்ப வரணும். அவ போன பிறகு அது வந்தாலே படிக்கிறவங்களுக்கு வயித்தைப் பிசையணும்" என்றார்.

அவள் விசிலை வைத்தாள். முதல் அத்தியாயத்தில் வாலு படியடியில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பாள். தோழி தடதடவென்று இறங்கி ஓடுவாள். நடுவில், குண்டுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் நிலவறை இருட்டில் மெல்ல ஒரு விசில். கடைசியில், வளர்ந்துவிட்ட தோழி காலிப் படிக்கட்டில் நின்று காது கொடுத்துக் கேட்பாள்.

அச்சுக்குப் போகுமுன் எழுதிய தாள்களை எடுத்துப்போய் வாலுவின் அம்மாவிடம் கொடுத்தாள். சின்ன வயதிலிருந்தே இவளுக்கு அவள் பெரியம்மா. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் ஆயுசெல்லாம் வேலை பார்த்த கை. தாளைப் புரட்டவே சிரமப்பட்டது.

அடுத்த வாரம் போனபோது பெரியம்மா கதவைத் திறந்ததுமே கேட்டாள்.

"அவ விசிலடிப்பாளா கண்ணு?"

இவள் வாசற்படி ஏறுமுன்பே பெரியம்மா தொடர்ந்தாள்.

"வீட்ல ஒருநாளும் அடிச்சதில்ல. நான் திட்டுவேன்னு பயந்திருப்பா. எம் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணு இத்தனை வருஷம் கழிச்சுக் கிடைச்சிருக்குன்னு, ரெண்டு நாளா அதையே நெனச்சிட்டிருக்கேன்."

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

"இல்ல பெரியம்மா. அது நான் வச்சது. கதைக்காக."

பெரியம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, அது கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது.

"அப்போ உன்னை எப்படிக் கூப்பிடுவா?"

"கத்துவா. கீழேருந்தே, நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி."

"அது எனக்குத் தெரியுமே" என்றாள் பெரியம்மா. சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது.

"எடுத்துடறேன் பெரியம்மா. இன்னும் அச்சாகல."

"வேணாம். நல்லாத்தான் எழுதியிருக்கே. இதுல வர்றவ வேற பொண்ணு. பாவம், இவளும் செத்துப்போறா." தாள்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சரிசெய்தாள். "ஒண்ணு மட்டும் செய். முன்பக்கத்துல எம் பொண்ணு பேரைப் போட்டு, அவளுக்குன்னு எழுதியிருக்கே பாரு. அதை எடுத்துடு."

அந்த ஒரு வரிக்காகத்தான் இவள் மீதி அத்தனையையும் எழுதினாள். ஆனாலும் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

முன்பக்கத்தில் அந்தப் பேர் இல்லாமலே புத்தகம் வந்தது. நன்றாகவே போயிற்று. மருந்து வாங்க வந்த ஒரு பெண், அந்த விசிலை மறக்கவே முடியவில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் நன்றி சொல்லிவிட்டு அவளுக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா வீட்டுக்குப் போவதை மட்டும் விடவில்லை. புத்தகப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை. கிளம்பும் நேரம் பெரியம்மா வாசல்வரை வந்து நின்று, "அவளைப் பத்தி இன்னும் ஏதாவது சொல்லேன்" என்பாள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்காருவாள். நடந்ததை நடந்தபடியே சொல்லுவாள். சில நாள் சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்போதும் உட்கார்ந்திருப்பாள்.