ஊசலுக்காக மாற்றிய எண்

14 அக்டோபர் 2025, செவ்வாய்

பிழை என்னுடையது. ஊசலின் கணினி நிரலில் புவியீர்ப்பு 9.8 என்றிருந்ததைப் போன வாரம் 11.3 ஆக்கினேன். ஒரு மீட்டர் ஊசலை 60 டிகிரி இழுத்துவிட்டால் ஓர் அலைவுக்கு 2.15 விநாடி என்றது கணினி, சூத்திரத்தில் 2.01 வந்தது. நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, விடை பொருந்தும்வரை எண்ணை மாற்றினேன். ஆய்வக ரெக்கார்டு நோட்டின் 23ஆம் பக்கத்தில் 2.01 என்று எழுதினேன். ஆய்வக ஆசிரியர் நேற்று கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்த ரெக்கார்டு எனக்கும் ஆய்வகத்தில் என் ஜோடியான இல்யாஸுக்கும் பொது.

இன்று மாலை வகுப்பில், அதே நிரலில், அதே புவியீர்ப்பு எண்ணோடு, பத்து மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விழவைக்கும் பயிற்சி. மற்றவர்களுக்கு 1.43 விநாடி. எங்களுக்கு 1.33.

“நம்ம பந்துக்கு மட்டும் என்னங்க அவசரம்? காந்திபுரத்துல பஸ்ஸப் புடிக்கோணுமா?” என்றார் இல்யாஸ்.

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. ரெக்கார்டு முடியாததால் போன வருடம் செய்முறைத் தேர்வு எழுத முடியாமல் போனவர். இந்த முறை வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்து இருக்க வேண்டும்.

“சார் பாத்துப்போட்டுத்தானுங்க கையெழுத்துப் போட்டாரு. உட்டுருங்க அம்மணி.”

“சூத்திரம் சரியா, கணினி சரியான்னாவது தெரியோணுமில்லீங்க?”

இல்யாஸுக்குப் பகலில் மோட்டார் பட்டறையில் வேலை. பையில் கனமான நட்டு ஒன்று இருந்தது. வராந்தா ஜன்னல் கம்பியில் ஒரு மீட்டர் நூலில் கட்டினோம். அவர் இழுத்துவிட்டார், நான் கைபேசியில் நேரம் பார்த்தேன். ஏறக்குறைய 60 டிகிரியிலிருந்து பத்து அலைவுக்கு 21.2 விநாடி. பத்து டிகிரியிலிருந்து 20.1, சூத்திரம் சொன்னதேதான். வீச்சு குறைந்துகொண்டே வந்ததால்தான் 21.5 வரவில்லை என்று நினைக்கிறேன், உறுதியில்லை. ஆனால் கணினி சொன்னது பொய்யில்லை. புத்தகத்தில் சூத்திரத்தின் கீழே ‘சிறிய கோணங்களுக்கு மட்டும்’ என்றிருக்கிறது. மூன்று முறையாவது படித்திருப்பேன்.

“நட்டும் கம்ப்யூட்டரும் ஒண்ணாச் சேந்துக்கிச்சு. இப்ப என்னங்க பண்றது?”

“சார்கிட்ட சொல்லி, பக்கத்தைத் திருத்தி, மறுபடியும் கையெழுத்துக் கேக்கோணுங்க.”

“போடலீன்னா?”

 அவர் நூலை அவிழ்த்து நட்டில் சுற்றினார்.

“நானும் வாரேன். தனியா உட்டா நீங்க நியூட்டன் மேலயே பழியப் போட்டுருவீங்க.”

நாளை: ஐந்தரைக்கு ஆசிரியரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 23ஆம் பக்கத்தை அடித்துவிட்டு, 9.8 வைத்து, 10 முதல் 60 டிகிரி வரை ஆறு முறை நிரலை ஓட்டிப் புது அட்டவணை எழுத வேண்டும்.