மூன்றாவது பர்னர்

குவைத்திலிருந்து அமீன் கொண்டுவந்த கேஸ் கிரில்லுக்கு இது மூன்றாவது பர்னர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒன்று வாங்கிவருவார். தேங்காய்ப்பட்டணத்துக் கடற்காற்றுதான் இரும்பைத் தின்கிறது என்பார். ஒரு நாள் கோழி சுட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார்.

மெக்கானிக் தேவகுமார் பழைய பர்னரைக் கழற்றினார். துளையெல்லாம் உப்பு அடைத்திருந்தது. தட்டியதும் ஒரு நெத்திலித் தலை விழுந்தது.

தேவகுமார், பக்கத்தில் நின்ற அமீனின் மனைவி பாஹிமாவை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்குள்ள கருவாடு வச்சியளாக்கா?”

“பின்ன எங்க வைக்க? இந்த மூடியப் பூனையால தெறக்க முடியாதுல்லா. அவருக்கு வருசத்துல ஒரு நாளு அடுப்பு. மிச்ச நாளெல்லாம் நான்தானே இங்க கெடக்கேன்.”

அமீன் உள்ளேயிருந்து வந்தார்.

“என்ன, காத்துதானே?”

தேவகுமார் நெத்திலித் தலையைச் செருப்பால் மறைத்தார்.

“காத்துதான்.”