மூடியைச் சரியாக மூடவும்

சர்க்கரை அளவு பார்க்கும் மிஷின் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. விற்கிற வேலை இல்லை. விற்ற பிறகு அந்த மிஷின் யார் வீட்டிலாவது தகராறு பண்ணினால், தப்பு மிஷின் மேலா மனுஷன் மேலா என்று பார்த்துச் சொல்கிற வேலை. பெரிய நீதிபதி என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் இருந்தது கால் ஆடுகிற ஒரு நாற்காலியும் ஒரே ஒரு தீர்ப்பும்தான்.

'ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைச் சரியாக மூடாததால் ஈரக்காற்று புகுந்துவிட்டது.'

ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்ட்ரிப்புக்கு ஈரம் ஆகாது. அது நிஜம். ஈரம் பட்டால் அளவைத் தாறுமாறாகக் காட்டும். அதனால் யார் புகார் சொன்னாலும் முதலில் மூடியைப் பற்றித்தான் கேட்பேன். "நல்லாத்தான் மூடினேன் சார்" என்பார்கள். "எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க" என்று தேன் ஒழுகச் சொல்லி புகாரை முடித்துவைப்பேன். கொஞ்ச நாளாகவே மூடிப் புகார்கள் வழக்கத்தைவிட அதிகம் வந்தன. ஜனங்களுக்குப் பொறுப்பு போய்விட்டது என்று முடிவு கட்டினேன். மளமளவென்று முடிக்கிறவன் என்று மேனேஜர் என்னைத் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் மாமியார் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பஸ் கூட்டத்தை ஒற்றைக் குரலில் அடக்கியவர். எங்கள் மிஷினை அவருக்கு நான்தான் கொடுத்தேன். கொடுக்கும்போது நானே கண்டுபிடித்த மாதிரி பேசியதும் ஞாபகம் இருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் காலையில் அந்த மிஷின் அளவு எக்கச்சக்கம் என்று காட்ட, டாக்டர் சொன்ன கணக்குப்படி இன்சுலினைக் கூட்டிப் போட்டிருக்கிறார். உண்மையில் சர்க்கரை ஏறவே இல்லை. வேர்த்துக் கொட்டி, கண் இருட்டி, சமையலறையில் சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதால் பிழைத்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே என் மனைவி என்னைப் பார்த்தாள். "எப்படிங்க இப்படி ஆகும்? உங்க மிஷின்தானே அது?"

'உங்க மிஷின்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மூடியைச் சரியா மூடியிருக்க மாட்டாங்க."

"நான் மூடினேன் மாப்பிள்ளை" என்றார் அத்தை.

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க அத்தை."

அத்தோடு விட்டதா? மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். "அம்மாவுக்கு மறதி வந்துடுச்சு. இனிமே தனியா விட முடியாது. வீட்டைக் காலி பண்ணிட்டு நம்மகூட வந்துடட்டும். ஊசி, அடுப்பு எதையும் தொட வேண்டாம்."

"எனக்கு மறதி எல்லாம் இல்லடி" என்றார் அத்தை. யாரும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனாலும் தீர்ப்பை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லையே!

ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்யப் போனோம். சமையலறை டப்பாக்களைக் காலி பண்ணுவது என் பொறுப்பு. முதல் டப்பா பருப்பு. திருகினேன். அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன். தொடை நடுவில் இடுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தேன். கரண்டிக் காம்பை விட்டு நெம்பியதில் காம்புதான் வளைந்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மனைவி, அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்துவிட்டாள்.

"அம்மா மூடின டப்பாவை நீங்க என்னைக்குத் திறந்திருக்கீங்க? மூடிட்டு இன்னொரு தடவை அழுத்திப் பார்க்காம அவங்க நகரவே மாட்டாங்களே!"

சொன்னவள் அப்படியே நின்றாள். நானும் டப்பாவைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஸ்ட்ரிப் டப்பா அலமாரியில் இருந்தது. மூடினேன். 'டக்' என்று அழகாகச் சத்தம் வந்தது. சைக்கிள் டியூபில் ஓட்டை பார்க்கிற மாதிரி வெந்நீரில் முக்கிப் பிடித்தேன். மூடி ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. பிரிக்காத இன்னொரு டப்பாவையும் முக்கினேன். அதிலும் குமிழி. மூடியே கோணல்! அத்தை என்ன, ஆண்டவனே வந்து மூடினாலும் காற்று புகும். ஐயோ, இந்த வாயால் எத்தனை பேரைப் பொறுப்பில்லாதவர்கள் ஆக்கியிருக்கிறேன்!

திங்கட்கிழமை மேனேஜர் மேஜையிலேயே ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. அந்தச் சரக்கை எல்லாம் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க அன்றே உத்தரவு போட்டார்கள். வாங்கியவர்களுக்கெல்லாம் எச்சரிக்கை போனது.

"இத்தனை புகார் வந்திருக்கே, நீ என்னய்யா பண்ணிட்டு இருந்தே?"

"முடிச்சுவெச்சுட்டு இருந்தேன் சார்."

சாயங்காலம் சாவியை எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டு உள்ளறையில் இருந்த அத்தையிடம் போனேன். மனைவியும் கூட வந்தாள்.

"அத்தை, நீங்க சரியாத்தான் மூடியிருக்கீங்க. தப்பு எங்க மூடி மேல. அதைவிட, என் மேல."

மனைவி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தை சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் மூடினது எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. நீங்க அப்படிச் சொன்ன மத்தவங்களுக்கெல்லாம் யார் சொல்லப் போறாங்க?"

வேறு யார்? மறுநாள் காலை ஆபீசில் பழைய புகார்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நானே ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் எடுத்தவர் ஒரு பெரியவர். யாரென்று சொன்னதும், "மறுபடியும் மூடியா சார்?" என்றார் பயந்த குரலில். "இப்பல்லாம் என் மருமகதான் மூடுது. என்னைத் தொட விடுறதில்லை."

"ஐயா, நீங்க சரியாத்தான் மூடியிருக்கீங்க. எங்க மூடிதான் கோணல். மன்னிச்சுக்குங்க."

"தம்பி, ஒரு நிமிஷம் இரு. ஸ்பீக்கர்ல போடுறேன்" என்றார். "எல்லாரும் கூடத்துலதான் இருக்காங்க. இப்ப சொன்னியே, அதை இன்னொரு தடவை சத்தமா சொல்லு."

சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.