வலிப்புக்குப் பிறகு

திரையில் கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கிப்போனதைச் சிவதர்ஷினி பார்த்தாள்.

அதற்குச் சற்று முன்புவரை அவள் தம்பி ஜனகன் கட்டிலில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். வலிப்பு அவளுக்குப் புதிதல்ல. அவன் பள்ளியில் படிக்கும்போது தொடங்கியது. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டான். மூளை அலைகளைப் பதிவுசெய்வதற்காக மருத்துவமனையில் சேர்த்து, தலை முழுக்க ஒயர்களை ஒட்டி, மாத்திரைகளைக் குறைத்துவிட்டு, வலிப்பு வரட்டும் என்று காத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிய கொஞ்ச நேரத்தில் வந்தது. தாதியர் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். உடம்பு ஓய்ந்தது. அதுவரை கன்னாபின்னாவென்று கிறுக்கித் தள்ளிய கோடுகள் அப்படியே படுத்துவிட்டன. தாதி அவன் தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஈரமான, நீண்ட மூச்சு ஒன்று வந்தது. கோடுகளும் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கின.

வீட்டில் எத்தனையோ முறை இந்த அமைதியில் அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள். இழுக்கும்போது வராத பயம் அப்போதுதான் வரும். ஆனால் அப்போது மூளைக்குள் இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் டாக்டர் ரபியா இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். பெரிய வலிப்பு முடிந்ததும் மூளை சிறிது நேரம் அடங்கிக் கிடக்கும், சிலருக்கு அது நீளும், மூச்சும் தடுமாறலாம் என்றார். அபூர்வமாகச் சிலர் தூக்கத்திலேயே இறந்துபோவதுண்டு. ஏன் என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை, யாருக்கு நடக்கும் என்று இந்தக் கோடுகளை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது. வலிப்பைக் குறைப்பதுதான் முக்கியம். புது மாத்திரை எழுதித் தந்தார். படுக்கும்போது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாராவது இருப்பது நல்லது என்றார்.

தூக்கத்தில் இறந்துபோகலாம் என்பது சிவதர்ஷினிக்குப் புதிதில்லை. அம்மா இறந்த வருடம் கைப்பேசியில் தேடிப் படித்திருந்தாள். படித்த அன்றே தன் அறை ஏர்கான் கெட்டுவிட்டது என்று சொல்லி, தம்பியின் அறையில் மெத்தையை விரித்தாள். அவன் காலை அசைத்தால்கூட விழிப்பு வந்துவிடும். பள்ளி அலுவலகத்தில் மதியம் ஆனால் கண் சொருகும். சக ஊழியர்கள் பினாங்குக்குச் சுற்றுலா போனபோதும் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டாள். காரணத்தை மட்டும் அவனிடம் சொன்னதில்லை. டாக்டர் பேசும்போது பயத்துடன் அவன் முகத்தைப் பார்த்தாள். பஸ் நம்பர் கேட்பவனைப் போல அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் தோசை வேண்டும் என்றான். லிட்டில் இந்தியாவில் பழக்கமான கடையில் உட்கார்ந்தார்கள். அவன் முடியில் பசை காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. பாதி தோசை முடிந்ததும், புக்கிட் மேராவில் தன் நண்பன் சேவியரின் வீட்டில் ஓர் அறை காலியாக இருப்பதையும் தான் அங்கே குடிபோவதையும் பற்றி மறுபடி ஆரம்பித்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டாயா இல்லையா என்று அவள் கேட்டாள்.

"அவங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்க்கா. ஆன்லைன்ல எல்லாம் இருக்குலா." சட்னியைத் தொட்டுக்கொண்டான். "உன் ரூம் ஏர்கான் நல்லாத்தான் ஓடுது. நீ வேலைக்குப் போனப்ப ஆன் பண்ணிப் பாத்தேன்."

அவள் தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"தீபாவளிக்கு அப்புறம் ஒருநாள் விடியக்காலைல எனக்கு வந்துச்சு. முழிச்சுப் பாத்தா நாக்கு கடிபட்டு தலகாணியெல்லாம் ரத்தம். நீ பக்கத்துல தூங்கிட்டு இருந்த."

"பொய் சொல்ற."

"தலகாணி உறைய நானே அலசிப் போட்டேன். நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள."

தோசை ஆறிப்போயிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. முதுகெலும்பில் யாரோ ஒரு திருகாணியைக் கழற்றியதுபோல் இருந்தது. இத்தனை காலம் அவனைப் பிடித்துவைத்திருப்பது தன் விழிப்புத்தான் என்று நம்பியிருந்தாள். அவன் தானாகவே மூச்சை எடுத்திருக்கிறான், தானாகவே எழுந்திருக்கிறான், அவளை எழுப்பாமல் குளியலறைக்குப் போயிருக்கிறான். வராமலும் போயிருக்கலாம் அந்த மூச்சு. பக்கத்திலேயே அவள் தூங்கிக்கொண்டு இருந்திருப்பாள்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா அதுக்கப்புறம் நீ தூங்கவே மாட்ட."

அவள் தட்டை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். "எப்படித் திருப்பிப் படுக்க வைக்கணும்னு சேவியருக்குத் தெரியுமா?"

"சொல்லிக் கொடுத்திருக்கேன். ரூம் கதவ சாத்த மாட்டேன்."

"நான் ஒருதரம் அவன்கிட்ட பேசணும்."

 

நியூட்டனில் மாறி ஏறிய ரயிலில் கூட்டமில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் சிவதர்ஷினி கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். பீஷானுக்கு அப்புறம் ரயில் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு ஏறி வந்தபோதும் விழிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியிலிருந்து சரிந்த மாத்திரைப் பையை ஜனகன் எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டான்.

அவர்கள் இறங்கவேண்டிய ஈசூன் என்று அறிவிப்பு வந்தது. கதவு திறந்தது. பள்ளிப் பிள்ளைகள் சிலர் சத்தம் போட்டபடி இறங்கினார்கள். அவன் அக்காவைப் பார்த்தான். எழவில்லை. கதவு மூடிக்கொள்ள, அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக் ஜன்னலுக்கு வெளியே மெதுவாக நகர்ந்து பின்னால் போனது.