தலையணைக்குள் ஒரு வேட்பாளர்

கீழே வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். பிறர் தலையில் கை வைப்பது மரியாதை இல்லை என்பதால், சொந்தத் தலையில், முடி மிச்சமிருக்கும் பகுதியாகப் பார்த்துக் கை வைத்துச் சொல்லப்படுகிறது. கயிறு திரிக்கிறவர்களும் காதில் பூச்சுற்றுகிறவர்களும் வேறு தெருவில் இருக்கிறார்கள். இது நடந்தது நடந்தபடி.

மெத்தைக் கடைக்காரியின் மகளை ஊரே பஞ்சு என்றுதான் கூப்பிட்டது. அவள் தலைமுடியில் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருக்கும். சீவினால் அது போய், சீப்பிலிருந்து இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்ளும். ஊரில் பாதிப் பேர் அவளும் அவள் அம்மாவும் தைத்த மெத்தையில்தான் தூங்கினார்கள். மீதிப் பாதிப் பேர் தூக்கம் வராதவர்கள்.

அந்தப் பஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் நின்றதற்குக் காரணம் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பழைய மெத்தைகளைப் பிரித்து, பஞ்சை அடித்து, திரும்பத் தைத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு வந்திருந்தது. கோணி ஊசியும் நூல்கண்டுமாக வார்டுக்குள் போனவள், ஒரே கட்டிலில் இரண்டு நோயாளிகள் தலைமாடு கால்மாடாகப் படுத்திருப்பதைப் பார்த்தாள். ஒருவர் கால் இன்னொருவர் காதோரம். கட்டிலுக்கு அடியில் மூன்றாவதாக ஒருவர் தன் முறைக்குக் காத்திருந்தார். "மேல யாரு புரண்டாலும் எனக்குத் தெரிஞ்சுடும்மா," என்று அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

பஞ்சு நேரே ஆலைக்காரரிடம் போனாள். பல வருஷமாகத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்தான்.

"கட்டிலா? அதெல்லாம் தலைநகரத்துல, சபையில கேக்கணும்மா."

"யாரு கேக்கணும்?"

"நான்தான். வேற யாரு?"

"கேட்டீங்களா?"

ஆலைக்காரர் பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். "கேக்கணும்னுதான் போறேன். அங்க நாற்காலி அவ்வளவு மெத்துனு போட்டு வச்சிருக்காங்க. உக்காந்ததுதான் தெரியும், அப்புறம் யாராவது வந்து எழுப்புவாங்க."

"என்ன பஞ்சு போட்டிருக்காங்க?"

"அதை யாரு பிரிச்சுப் பாத்தா? வேணும்னா நீயே போய்ப் பாத்துட்டு வா."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். பஞ்சு மறுநாளே போய் வேட்பு மனு கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒரே ஒரு கஷ்டம். நாலு பேர் கூடிவிட்டால் அவள் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அவளுடைய சித்தப்பா மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவர்தான் தேர்தல் ஏஜெண்டு. முதல் கூட்டத்தில் பஞ்சு மைக் முன்னால் வெகுநேரம் நின்றாள். பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. நாலு ஒலிபெருக்கிகளும் அந்த மூச்சை ஊர் எல்லை வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. காற்று நன்றாக அடிக்கிறது என்று நினைத்துப் பெண்கள் துணி உலர்த்தப் போனார்கள்.

"நீ பேச வேணாம் பாப்பா. நோட்டீஸ் பேசும்," என்றார் சித்தப்பா.

நோட்டீஸ் அச்சாகி வந்தது. அவளுக்குக் கிடைத்த சின்னம் ஜன்னல். படத்தில் ஜன்னல் நன்றாகத் திறந்திருந்தது. வேட்பாளரின் கண்தான் மூடியிருந்தது. புகைப்படக்காரர் பொத்தானை அமுக்கிய அதே நொடியில் அவள் இமைத்துவிட்டிருந்தாள்.

"தூங்குற பிள்ளைக்கு யாருடி ஓட்டுப் போடுவா?" என்றாள் அம்மா. "பாவம், அலுப்பா இருக்கும்னு போர்த்திவிட்டுட்டுப் போவாங்க."

அம்மா எதையும் வீணாக்காதவள். துண்டு நூலைக்கூட முடிச்சுப் போட்டுப் போட்டு இன்னொரு உறை தைத்துவிடுவாள். கட்டுக் கட்டாக நோட்டீஸ் சும்மா கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நோட்டீஸை நாலாக மடித்தால் ஒரு பிடிப் பஞ்சின் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த வாரம் தைத்த ஒவ்வொரு தலையணைக்கும் நடுவில் ஒன்றை வைத்து மூடினாள். தலையணை நன்றாகத்தான் இருந்தது. கடையில் வைத்ததும் காலியானது.

இரண்டொரு நாளில் இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நேத்து மத்தியானம் வந்துட்டுப் போனியேம்மா. என்ன பேச்சு, என்ன பேச்சு. உனக்குள்ள இவ்வளவு இருக்குன்னு தெரியாமப் போச்சே."

நேற்று மத்தியானம் பஞ்சு கடையை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் மாடி வீட்டு டீச்சரும் அதையே சொன்னார், பேக்கரிக்காரரும் சொன்னார். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் தெருவில் தண்ணீர் வந்ததாம். வெள்ளம் இல்லை, வெதுவெதுப்பான, அவசரமில்லாத தண்ணீர். ஜன்னல் விளிம்பு வரை ஏறிவந்து அங்கேயே நின்றுகொண்டதாம். அதன்மேல் ஒரு படகு, துடுப்புச் சத்தம் இல்லாமல். படகில் பஞ்சு, ஆனால் நல்ல உயரம், தலைமுடி முழுக்க ஒரு மேகம். பின்னால் கயிறு கட்டினாற்போல் வரிசையாகக் கட்டில்கள் மிதந்து வந்தன, ஆளுக்கு ஒரு கட்டில், எல்லோரும் நல்ல தூக்கத்தில். ஒவ்வொரு ஜன்னலுக்கு அடியிலும் படகை நிறுத்தி அவள் பேசினாளாம். அப்படியொரு குரலை யாரும் கேட்டதில்லை. கேட்ட கையோடு எல்லோரும் ஜன்னல் வழியாகவே ஓட்டுப் போட்டார்களாம்.

"எங்க தெருவுக்குக் கடல் தரேன்னு சொல்லியிருக்கே. மறந்துடாதே," என்றார் இஸ்திரிக்காரர்.

பஞ்சு கடைக்கு வந்து, கோணி ஊசியை மெத்தையில் குத்தியபடியே உட்கார்ந்திருந்தாள்.

"அவ என்னைவிட நல்லாப் பேசுறா சித்தப்பா."

"அவளும் நீதானே பாப்பா."

"நான் யாருக்கும் கடல் தரேன்னு சொல்லலையே."

"சொன்னது அவ. நாளைக்குக் கேஸ் வந்தாலும் அவ மேலதான் வரும். நீ பேசாம இரு, அதுதான் உனக்கு நல்லா வருதே."

சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தொகுதி முழுக்கத் தூங்கி எழுந்து ஜன்னல், ஜன்னல் என்றது. பஞ்சு மட்டும் ஊசியை விட்டு நிமிரவில்லை. கட்டில் கேட்க வந்தவள் அவள். ஜெயிக்கப்போகிறவள் வேறொருத்தி.

பிரசாரம் ஓய்ந்த மறுநாள் தேர்தல் அதிகாரியிடமிருந்து ஆள் வந்தது. சித்தப்பாவும் கூடப் போனார்.

"பிரசாரம் முடிஞ்ச பிறகும் நீங்க வாக்கு சேகரிச்சிருக்கீங்க. நேத்து ராத்திரி," என்றார் அதிகாரி.

"நான் கடையில தைச்சுக்கிட்டு இருந்தேன் சார்."

"அது நேர்ல. நான் கனவைச் சொல்றேன். அதோட, படகுக்கு வாகன அனுமதி வாங்கலை."

"புகார் யாரு சார் கொடுத்தது?" என்றார் சித்தப்பா.

மூலை நாற்காலியில் ஆலைக்காரர் அசைந்தார். கண் சிவந்திருந்தது. "நான்தான்ப்பா. நேத்து வந்து ஜன்னல்கிட்ட நின்னா. நானும் அசட்டுத்தனமா, உனக்கே போடறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். முழிச்சதுலேருந்து மனசு அடிச்சுக்குது. சொன்ன சொல் மாறாதவர்னு சுவரெல்லாம் எழுதி வச்சிருக்காங்க, இப்ப என்ன பண்றது?"

"கனவுக்கு ஏது சார் சாட்சி?" என்றார் சித்தப்பா.

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு புதுத் தலையணை இருந்தது. மூலையில் அம்மாவின் குறுக்குத் தையல்.

"சாட்சி இருக்கு," என்றார், கண்ணைத் தூக்காமல். "படகு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. இன்னொரு தடவை யார் கனவுலயாவது வந்தீங்கன்னா மனு ரத்து."

அம்மாவிடம் வந்து சொன்னபோதுதான், நோட்டீஸ் எங்கே போயிற்று என்பது தெரிந்தது. பஞ்சு தள்ளுவண்டியில் நோட்டீஸ் வைக்காத புதுத் தலையணைகளை அடுக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். நல்லதைக் கொடுத்துவிட்டு நல்லதையே திரும்ப வாங்க வேண்டும்; ஓட்டு என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. மறந்து வாயைத் திறந்தால் கிள்ளுவதற்கென்று சித்தப்பா பக்கத்திலேயே வந்தார்.

ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். கடைசி வீட்டில் காவல்காரர் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றார். ஆயுள் முழுக்க ஆலையில் ராக்காவல் பார்த்தவர். வேலையை விட்ட பிறகும் தூக்கம் அவரிடம் வந்து சேரவில்லை.

"உனக்கு ஓட்டுப் போட வேணாம்னாலும் சரி, போடலை. இதை மட்டும் கேக்காதேம்மா."

"கனவுல நான் வந்து என்ன சொல்றேன் ஐயா?"

"யாருக்குத் தெரியும்? கனவுலயும் நான் தூங்கிட்டுத்தான் இருந்தேன்."

பஞ்சுவுக்குக் கை நீளவில்லை. அவரே யோசித்துச் சொன்னார்: "தேர்தல் முடியுற வரைக்கும் நான் தூங்கலை, போதுமா? முழிச்சிருக்கறது நான் பாத்த தொழில்மா."

"இவரு கொட்டாவி விட்டா உன் மனு போச்சு," என்றார் சித்தப்பா. ஆனாலும் பஞ்சு வண்டியைத் திருப்பினாள்.

வாக்குப்பதிவு பள்ளிக்கூடத்தில். காலையில் வரிசையின் முதல் ஆளாக இஸ்திரிக்காரர் விரலை நீட்டினார். மை வைக்கக் குனிந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏற்கெனவே மை இருக்கே."

"அது கனவுல வச்சது சார்."

"எங்க வச்சா என்ன, மை மைதானே. தள்ளுங்க."

அடுத்து வந்த டீச்சர் விரலிலும் மை. பேக்கரிக்காரர் விரலிலும் மை. வரிசை முழுக்க அவரவர் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டது. முதல் நாள் வரை அங்கே ஒன்றும் இருந்ததில்லை. ஆலைக்காரர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அதிகாரி தன் விரலைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். விரல்தான் சிவந்தது.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "கனவுல பட்டதைக் கனவுலதான் கழுவணும். இதுகூடத் தெரியாம என்ன ஆபீசர்?"

தள்ளுவண்டி கடைக்குப் போய், நோட்டீஸ் வைத்த பழைய தலையணைகளோடு திரும்பியது. மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் பாய் விரித்தார்கள். வரிசை கலையக் கூடாது என்று குமாஸ்தா கேட்டுக்கொண்டதால் வரிசையாகவே படுத்தார்கள். அம்மா ஒவ்வொரு தலைக்கும் ஒன்று வைத்துக்கொண்டே வந்தாள்.

பஞ்சு அவள் கையைப் பிடித்தாள். "அவ மறுபடி வந்து கடலைத் தருவாம்மா. அதை நம்பித்தான் எழுந்து போடுவாங்க. நாளைக்குக் கடல் எங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க. அதுக்கு நான் தோத்துடறேன்."

"அப்ப நீயும் படு. நீ போய்ப் பேசு."

"எனக்குப் பேச வராதே."

"தூக்கத்துல உளறுவியே, அது வரும்," என்று அம்மா கடைசித் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

பஞ்சு படுத்தாள். இலைகளுக்கு நடுவே வெயில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிறகு அது வெயிலாக இல்லை, தண்ணீராக இருந்தது. இடுப்பு வரை வெதுவெதுப்பு. தெருவின் வீடுகள் எல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரையோ எதிர்பார்ப்பது போல லேசாக முன்னால் சாய்ந்திருந்தன. படகு வந்தது. அதில் அந்த உயரமானவள், தலை முழுக்க மேகத்தோடு, பேச வாயைத் திறந்தாள்.

பஞ்சு விளிம்பைப் பிடித்து ஏறினாள். "கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றாள். பொது இடத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

முதல் ஜன்னலில் இஸ்திரிக்காரர். பஞ்சு துணியைத் தண்ணீரில் நனைத்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "கடல் வராதுண்ணே. நான் போய்க் கட்டில் கேப்பேன். கொடுக்கற வரைக்கும் கேப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"கடல் இல்லையா?"

"இல்லண்ணே."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட."

அவர் குனிந்து தண்ணீரைக் கையால் ஒரு தடவை அளைந்து பார்த்தார். "சரி, துடை," என்றார்.

ஒவ்வொரு ஜன்னலாகப் படகு போயிற்று. ஒவ்வொரு விரலாக அவள் துடைத்தாள், ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டீச்சர் ஜன்னலைச் சாத்திவிட்டு, கையை மட்டும் வெளியே நீட்டினார். ஆலைக்காரர், "கொடுத்த வாக்கும் இதோட போயிடுமா?" என்று கேட்டார். "அது உங்க இஷ்டம்," என்றாள் பஞ்சு. ஜன்னல் தாண்டத் தாண்ட, படகில் பக்கத்தில் இருந்த உயரமானவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்தாள். கடைசித் தெருவில் ஒரு பிடிப் பஞ்சாகி, காற்று வந்ததும் எழுந்து போய்விட்டாள். தண்ணீர் வடிந்தது. படகு தரை தட்டியது.

பிரசாரத் தடையை மீறிய குற்றம்தான் இது. ஆனால் அதிகாரியும் அப்போது மேஜையில் தலையணை போட்டுக் கவிழ்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் விழித்திருந்தவர்கள் அம்மாவும் காவல்காரரும் மட்டுமே. அவர் தடியைத் தட்டிக்கொண்டு, வாக்குப்பெட்டியையும் தூங்குகிறவர்களையும் சுற்றிச் சுற்றி வந்தார்.

சாயங்காலம் எல்லோரும் எழுந்தார்கள். விரல்கள் சுத்தமாக இருந்தன. கடலைப் பறிகொடுத்தவர்களின் முகத்தோடு உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். எண்ணி முடித்தபோது பஞ்சு ஜெயித்திருந்தாள், நூலிழையில். அதைக் கேட்டதும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. நன்றி என்று நாலு பேருக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

சந்தேகமிருப்பவர்கள் தேர்தல் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்: அந்த வருஷம் அந்தத் தொகுதியில் மனு கொடுத்தவர் ஆலைக்காரர் ஒருவர்தான்; போட்டி இல்லாததால் வாக்குப்பதிவே நடக்கவில்லை.