ஏகமனதாக

மச்சான் பேச எழுந்தபோது மைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவையின் பின்சுவரில், மாடி உயரத்தில், கண்ணாடி போட்ட சின்ன அறை அவருடையது. உறுப்பினர்களின் மைக்குகளுக்கெல்லாம் அங்கேதான் பொத்தான்கள். அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், பேச்சு அவைக்கும் கேட்கும், பதிவிலும் ஏறும். அணைத்துவிட்டால் எவ்வளவு கத்தினாலும் கணக்கில் வராது. மைக்கில் வராதது பேசாததற்குச் சமம் என்பது அந்த அவையின் பழைய விதி.

கீழே நின்றவர் அவர் மனைவியின் அண்ணன். எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்த ஒரே ஆள். மற்றவர்களில் பாதிப் பேர் சிறையில் இருந்தார்கள், மீதிப் பேர் ஆளும் வரிசையில் பல்லிளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய மசோதா, நாட்டின் தலைவர் உயிரோடு இருக்கும்வரை தேர்தல் வேண்டாம் என்பது. அது நிறைவேறப்போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரே ஒருவர் எதிர்த்ததாகப் பதிவானாலும், மக்களிடம் போய் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். ஏகமனதாக நிறைவேறினால் அந்தத் தொல்லை கிடையாது. எதிர்க்கிறேன் என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் மச்சான் வந்திருந்தார்.

தலைவர் ஒன்றும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களில் மைக்காரரும் ஒருவர். அவை அப்போது சந்தை மாதிரி கிடந்தது. ஒரு வேலை உருப்படியாக நடக்காது. நேரம் தாண்டிப் பேசுகிறவர்களின் மைக்கை அணைக்கலாம் என்று தலைவர் சொன்னதும் ஊரே கைதட்டியது. வளவளப்பவர்களைக் கண்டால் மச்சானுக்கும் ஆகாது, அவரும் சிரித்தார். அடுத்து, மரியாதைக் குறைவாகப் பேசுகிறவர்களின் மைக். அப்புறம் கேள்வி கேட்கிறவர்களுடையது. முன்பெல்லாம் மணி அடித்துவிட்டு அணைப்பார்கள். அது போய், அவைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அணைக்க வேண்டும் என்று ஆயிற்று. வெளியே பத்திரிகைகளும் நீதிமன்றங்களும் ஒவ்வொன்றாக வாயடைத்துப்போன அந்தக் காலத்தில், உள்ளே மைக்காரருக்கு வேலை நன்றாகக் கைவந்துவிட்டது. அவைத்தலைவரின் கை காதருகே போகும்போதே இவர் விரல் பொத்தானுக்குப் போய்விடும். "என் மனசுல இருக்கறது உனக்குத் தெரிஞ்சிடுதுப்பா" என்று அவைத்தலைவரே ஒருமுறை பாராட்டியிருக்கிறார். அதை வீட்டில் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டது வேறு.

"அவைத்தலைவர் அவர்களே, நீளமா எல்லாம் பேசப்போறதில்ல" என்று மச்சான் ஆரம்பித்தார். வழக்கமாக எழும் கூச்சல்கூட எழவில்லை. அவைத்தலைவர் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன, கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"இந்த மசோதாவை நான்" என்றார் மச்சான். பச்சை விளக்கு அணைந்தது.

யார் அணைத்தது என்று ஒரு கணம் மைக்காரருக்கே விளங்கவில்லை. குனிந்து பார்த்தார். பொத்தான்மேல் இருந்தது அவர் விரல்தான். அவைத்தலைவர் தலையைத் தூக்கி மாடி அறையைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, திகைப்புதான் இருந்தது. கீழே மச்சான் அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார், கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டு நின்றன. மறுபடி ஒருமுறை அழுத்தினால் முடிந்தது. அழுத்து என்று யாராவது சொல்லட்டும் என்று மைக்காரர் காத்திருந்தார். ஒருவரும் சொல்லவில்லை. மேசைகளைத் தட்டும் சத்தம் எழுந்தது. மசோதா ஏகமனதாக நிறைவேறியதாக அவைத்தலைவர் அறிவித்தார்.

அவை கலைந்து மைக்காரர் இறங்கி வந்தபோது அவைத்தலைவர் படிக்கட்டருகே நின்றிருந்தார்.

"நான் கண்ணாடியைக் கழட்டலையேப்பா."

"தெரியுங்க ஐயா."

"சொல்லிட்டுப் போகட்டும்னுதான் விட்டிருந்தேன். வர்றது வரட்டும்னு." பிறகு மைக்காரரின் தோளைத் தட்டினார். "சரி விடு. நல்லதாப் போச்சு."

அந்தத் தட்டலில் இருந்த நிம்மதியை மைக்காரரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

வீட்டில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மனைவி அண்ணனுக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. கத்திக் கத்தி மச்சானுக்குக் குரலே போய்விட்டிருந்தது. பக்கத்தில் வந்து உட்காரும்படி கையைக் காட்டினார். மைக்காரர் உட்கார்ந்து, காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"மனசுல வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை. அவன் கண்ணாடியைக் கழட்டினா நீங்க என்ன பண்ணுவீங்க. உங்க வேலை அது."

மைக்காரர் தரையைப் பார்த்தார். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. மனைவி எதிரே நின்று தன்னையே பார்ப்பது தெரிந்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

"நாளைக்கு எப்படியும் என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்று மச்சான் காற்றாகவே பேசினார். "தங்கச்சி தாங்கிக்குவா. எனக்கு அது இல்ல கவலை. நானும் சேர்ந்து கை தூக்கிட்டேன்னு ஊர் நினைச்சிடும். நீங்க மேலேர்ந்து பாத்தீங்கல்ல, நான் சொன்னதை. நாளைக்கு என் பிள்ளைங்க கேட்டா, என்ன நடந்துதுன்னு நீங்க சொல்லணும். உள்ளபடி சொல்லுங்க, போதும்."

"அவர்கிட்ட கேட்கணுமாண்ணா, சொல்லாம இருப்பாரா" என்றாள் மனைவி.

மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார். மைக்காரர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார். "தண்ணி ஆறிடுச்சு போல" என்று தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். தம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அதைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்து, பாதியாகச் சுண்டியது. அவர் இன்னொரு தம்ளர் தண்ணீரை அதில் ஊற்றினார்.